அயல்நாட்டு ஊழியத்தில் பண்டிகையும் பந்தியும்: சென்னையிலிருந்து புறப்படும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைச் சபைகளின் வாலிபர் ஐக்கியங்களிலிருந்தும் கல்லூரி ஜெபக் குழுக்களிலிருந்தும் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ அயல்நாட்டு ஊழியத்துக்குப் புறப்படும் மாணவர்களின் ஆயத்த வகுப்புகளில் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். விசா, தடுப்பூசி, மொழி, பணக்கணக்கு ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பண்டிகை நாளில் என்ன செய்வது, பிறர் வீட்டுப் பந்தியில் எப்படி உட்காருவது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் ஊழியம் முடித்துத் திரும்புகிறவர்கள் கண் கலங்கச் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பற்றியவைதான். ஆகவே வகுப்பில் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்க இயலாதவற்றை இங்கே எழுதுகிறேன். நான் சொல்ல விரும்புவது அடிப்படையில் ஒன்றே: முதலில் அவர்களுடைய பண்டிகையில் விருந்தாளியாக உட்காருங்கள், உங்கள் பந்தியை அதற்குப் பிறகு விரியுங்கள்.

நாள்காட்டியில் தொடங்குங்கள்

பயணச்சீட்டு உறுதியானவுடன் நீங்கள் தங்கப்போகும் மாதங்களில் அந்த ஊரில் எந்தெந்தப் பண்டிகைகள் வருகின்றன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் என்றாலே டிசம்பர் 25 என்று சென்னையில் வளர்ந்த நமக்குத் தோன்றும். எத்தியோப்பியா, எகிப்து, நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மருத்துவம் படிக்கும் ஜார்ஜியா ஆகிய நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய நாள்காட்டிக் கணக்கின்படி ஜனவரி 7 அன்று கொண்டாடுகின்றன. ஆர்மீனிய சபை ஜனவரி 6 அன்று கொண்டாடுகிறது. தாய்லாந்தில் டிசம்பர் 25 அரசு விடுமுறை நாளே அல்ல. பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் விடியற்கால ஆராதனை நடத்தி, 24 நள்ளிரவில் குடும்பத்தோடு விருந்துண்கிறார்கள். நாளைத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த நாளுக்கு முன்னால் நோன்பு உண்டா, உண்டென்றால் எதை விலக்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். நான் அதைக் கேட்காமல் போனவன்.

மாணவனாக இருந்தபோது பத்து மாதம் எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றிருந்தேன். டிசம்பர் பிறந்ததும் வீட்டு நினைவு வாட்டத் தொடங்கியது. மொட்டை மாடியில் கட்டும் காகித நட்சத்திரமும், இரவு இரண்டு மணிவரை தெருத்தெருவாகப் போகும் கீத பவனியும், துணி போட்டு மூடிய தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும் தம்பி தங்கைகளும் நினைவுக்கு வந்தபடியே இருந்தார்கள். அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள, 25-ஆம் தேதி நானே நான்கு கோழி வாங்கி, அம்மா கட்டிக் கொடுத்த மசாலாவைக் கொண்டு பிரியாணி செய்து, வீட்டுக்கார அம்மாவின் குடும்பத்தையும் அண்டை வீட்டார் மூவரையும் அழைத்தேன். எல்லாரும் வெள்ளைப் பருத்திப் போர்வை போர்த்திக்கொண்டு மரியாதையாக வந்தார்கள், அன்பாகப் பேசினார்கள், பாலில்லாத் தேநீர் குடித்தார்கள், வாழைப்பழம் எடுத்துக்கொண்டார்கள். பிரியாணியை ஒருவரும் தொடவில்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் 43 நாள் நோன்பு உண்டென்பதும், அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதையும் அவர்கள் உண்பதில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மீந்ததைப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த நாட்டில் கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம்களும், முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் பொதுவாக உண்பதில்லை என்றார்கள். அண்டாவைப் பார்த்தபடி அன்றிரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பண்டிகையை அவர்கள் மதிக்கவில்லை என்று முதலில் வருந்தினேன். அவர்களுடைய நோன்பை மதிக்காமல் பந்தி விரித்தவன் நான்தான் என்பது விளங்க எனக்குப் பதின்மூன்று நாள் பிடித்தது.

ஜனவரி 7 விடியற்காலையில் வீட்டுக்கார அம்மா வந்து கதவைத் தட்டினார். அவர்கள் வீட்டில் பெரிய தட்டில் இன்ஜெரா விரித்திருந்தது. தெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்க வைத்துச் சுடும் அந்த அப்பம் நம் தோசைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதன் நடுவில் வெங்காயத்தை நெடுநேரம் வதக்கிச் செய்த கோழிக் குழம்பும் அவித்த முட்டைகளும் இருந்தன. எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்த அம்மா முதல் கவளத்தைச் சுருட்டித் தம் கையாலேயே என் வாயில் ஊட்டினார். குர்ஷா என்று அதைச் சொல்கிறார்கள். அன்புக்கும் மரியாதைக்கும் அடையாளம். வீட்டை விட்டு வந்த பின் அன்றுதான் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்தது.

இதைச் சொல்லும்போது வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, அப்போது பாரிமுனைக்கருகே இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமும், 1905-இல் கிறிஸ்துமஸ் நாளன்றே செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிகள் நிறைந்த அவையில் எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்கு எவ்வளவோ கொடுத்தீர்கள், இனி நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று கேட்கிற இடத்தில் இருந்தது நாம். இன்று தாம்பரத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் விமானம் ஏறி வேறொரு நாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிறபோது, அதே கேள்வி நம்மை நோக்கி நிற்கிறது. ஒரே தட்டில் உண்ணாமல் நண்பராவது கடினம். நம் சபைகளுக்குள்ளேயே யார் யாரோடு உட்கார்ந்து உண்பார்கள் என்பது ஒரு காலத்தில் எத்தகைய வேதனையான கேள்வியாக இருந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பந்தியின் கனம் புரியும்.

பெட்டியில் எதை எடுத்துவைப்பது

பலகாரத்தைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், பலகாரம் செய்யும் அச்சைக் கொண்டுபோங்கள் என்பது என் முதல் ஆலோசனை. அம்மா டப்பாவில் போட்டுக் கொடுக்கும் முறுக்கும் அதிரசமும் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும். அதுவும் பெரும்பாலும் அறைக்குள்ளேயே தீரும். அச்சு முறுக்கு அச்சு ஒன்று மயிலாப்பூரிலோ பாரிமுனையிலோ உள்ள பாத்திரக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும், எடையும் குறைவு. அதைக் கொண்டு பத்து மாதமும் செய்யலாம், அங்குள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு செய்யலாம். சீராக வரவேண்டுமானால் புது அச்சை முந்தின இரவே எண்ணெயில் ஊறவைத்துவிட வேண்டும். ஒரு கப் அரிசி மாவு, அரை கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, சிறிது உப்பு, எள் ஆகியவற்றோடு ஏறத்தாழ ஒன்றேகால் கப் தேங்காய்ப்பால் சேர்த்துத் தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் நன்றாகச் சூடேற்றி, மாவில் முக்கால் உயரம் மட்டும் தோய்த்து மீண்டும் எண்ணெயில் பிடித்து, ஓரம் விடும்போது மெல்ல அசைத்துவிட்டால் கழன்று விழும். அச்சு முழுவதும் மாவில் மூழ்கிவிட்டால் மாவு மேலே மூடிக்கொண்டு கழலாது. அச்சு சூடாகாவிட்டால் மாவு ஒட்டாது. பொதுவாக நம் வீடுகளில் முட்டை சேர்ப்போம். முட்டையில்லாத இந்த முறையை நான் கற்றுக்கொண்டதே நோன்பிருப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மற்றபடி சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பெருங்காயம், புளி, கொஞ்சம் கருப்பட்டி அல்லது வெல்லம் போதும். எல்லாவற்றையும் கடையில் வாங்கிய, மூடி முத்திரையிட்ட பொட்டலங்களாகவே எடுத்துச் செல்லுங்கள். பெயரெழுதாத வீட்டுப் பொடியைச் சுங்க அதிகாரி கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது விளக்குவது எளிதன்று. இறைச்சி, பால் பொருள், பச்சைக் கறிவேப்பிலை, விதை ஆகியவற்றைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கொண்டுவந்த உணவுப்பொருளை அறிவிப்புப் படிவத்தில் காட்டாமல் விட்டால் அபராதம் விதிப்பார்கள். கசகசாவைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நம் குருமாவுக்கு அது சாதாரணப் பொருள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்டது. அந்த விமான நிலையங்கள் வழியாக மாறிச் செல்கிறவர்களும் பெட்டியில் கசகசா இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டில் அரைத்த மசாலாவில் அது கலந்திருக்கலாம்.

உயரமான ஊருக்குப் போகிறவர்கள் சிறிய பிரஷர் குக்கர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அடிஸ் அபாபா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு குழைய வெகுநேரம் பிடிக்கும். அடுப்பின் மீதும் பருப்பின் மீதும் பழி போட்டு நான் வீணாக்கிய மண்ணெண்ணெய் கொஞ்சமல்ல.

விருந்தாளியாக இருப்பது எப்படி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நீங்களோ மாதக்கணக்கில் இருக்கப் போகிறீர்கள். எனவே முதல் சில வாரங்கள் விருந்தாளியாக இருந்துவிட்டு, பிறகு மெல்ல வீட்டுப் பிள்ளையாக மாற வேண்டும். விருந்தாளியாக இருக்கும் காலத்தில், முன்னால் வைக்கிறதைப் புசியுங்கள் என்று ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது சொன்னதே போதுமான விதி. லூக்கா 10-ஆம் அதிகாரத்தைப் பயணத்துக்கு முன் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அனுப்பப்பட்டவர்கள் பந்தி வைப்பவர்களாகப் போகவில்லை, பந்தியில் உட்காருபவர்களாகவே போனார்கள்.

நடைமுறையில் இதைச் செய்யச் சில வழிகள் உண்டு. உட்காரும் இடத்தை நீங்களே தெரிந்தெடுக்காமல் அவர்கள் காட்டும்வரை நில்லுங்கள். அந்த வீட்டில் வயதில் மூத்தவர் கைவைத்த பிறகு கைவையுங்கள். முதலில் சிறிதளவே எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறை மகிழ்ச்சியோடு கேட்டு வாங்குங்கள். தட்டில் மீதம் வைப்பதைவிட இது எந்த நாட்டிலும் நல்லது. தாய்லாந்தில் பதார்த்தங்களை நடுவில் வைத்து எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள், ஒருமுறைக்கு ஒரு கரண்டிதான் எடுக்க வேண்டும். நாம் சோற்றின் மீது எல்லாவற்றையும் ஊற்றிப் பிசைவதைப்போல் மொத்தமாக எடுத்துக்கொண்டால் பேராசைபோல் தோன்றும். எத்தியோப்பியாவில் ஒரே தட்டில் உங்கள் முன்னுள்ள பகுதியிலிருந்தே எடுத்து உண்ண வேண்டும். அங்கே காப்பி மூன்று சுற்று வரும். பச்சைக் கொட்டையை உங்கள் முன்னாலேயே வறுத்து, இடித்து, காய்ச்சி, முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் தந்து, ஆசீர்வாதம் என்று பெயர் கொண்ட மூன்றாம் சுற்றையும் தருவார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். வேலை இருக்கிறது என்று முதல் சுற்றோடு எழுந்து போகிற மாணவர், ஊழியம் என்று எதை நினைத்து வந்தாரோ அதையே விட்டுவிட்டுப் போகிறார் என்பேன்.

ஏழை வீட்டில் உண்ணும்போது இன்னும் கவனம் வேண்டும். உங்களுக்காக அந்த வீட்டிலிருந்த ஒரே கோழியை அறுத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லி அவர்களை வருத்தக் கூடாது. ஆனால் பல வீடுகளில் விருந்தாளி உண்டு முடித்த பிறகே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் என்பதை மறவாமல் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பணம் நீட்டிவிடாதீர்கள். மறுமுறை போகும்போது சர்க்கரையோ காப்பிக் கொட்டையோ எண்ணெயோ கொண்டுபோங்கள். நம் தெருவில் பக்கத்து வீட்டுப் பாய் அம்மா ரம்ஜானுக்கு அனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவோமா? அதே வழக்கம்தான், அது எல்லா ஊரிலும் புரிகிறது.

சாப்பிட முடியாதவை இருந்தால் பந்தியில் சொல்லாதீர்கள், முன்னதாகவே சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அந்த ஊர் மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது கட்டாயம். சைவ உணவுக்காரர்கள், வந்த முதல் வாரத்திலேயே தங்கும் வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சங்கடமில்லை. எத்தியோப்பியாவில் கிட்ஃபோ என்று மசாலா சேர்த்த பச்சைக் கொத்திறைச்சியைப் பெருமையான விருந்தாகத் தருவார்கள். வயிறு பழகாதவர்கள் அதை முழுவதும் வேகவைத்துத் தரும்படி கேட்கலாம், அதில் அவமரியாதை ஏதுமில்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் தயங்காதீர்கள். காய்ச்சிய நீரையோ மூடியிட்ட புட்டி நீரையோ கேட்டு வாங்குங்கள்.

மனச்சாட்சியைத் தொடும் சில இடங்கள்

ஜார்ஜியாவில் பண்டிகை விருந்து என்றால் தமாதா என்னும் ஒருவர் தலைமையேற்று, நன்றிக்கும் இறந்தவர் நினைவுக்கும் விருந்தாளிக்கும் என ஒவ்வொன்றாகச் சொல்லித் திராட்சை மதுக் கிண்ணத்தை உயர்த்துவார். நம் சபைப் பிள்ளைகள் பெரும்பாலோர் குடிப்பதில்லை. அதற்காக விருந்துக்கே போகாமல் இருந்துவிட வேண்டாம். அழைத்தவரிடம் முன்பே தனியாகச் சொல்லி, உங்கள் கிண்ணத்தில் பழச்சாறு ஊற்றிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று உயர்த்துங்கள். சொல்கிற சொற்களைக் கவனித்துக் கேட்டு நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள். குடிப்பது தவறென்று அந்த இடத்தில் போதிப்பது விருந்தாளியின் வேலையன்று.

பிற சமயப் படையலாக வைக்கப்பட்ட உணவைப் பற்றிய கேள்வி தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் போகிறவர்களுக்கு நிச்சயம் எழும். சென்னையில் பக்கத்து வீட்டிலிருந்து பொங்கலும் கொழுக்கட்டையும் வரும்போதே எழுந்த கேள்விதான் இது. நம் குடும்பங்கள் வெவ்வேறு விதமாக அதற்கு விடை சொல்லி வந்திருக்கின்றன. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 அதிகாரங்களைக் குழுவாக உட்கார்ந்து, புறப்படும் முன்பே வாசித்துப் பேசி முடிவெடுங்கள். ஒருவர் உண்டு மற்றவர் முகம் சுளித்தால் அழைத்தவருக்குத்தான் வேதனை.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்களில் இறைச்சி விலக்கும் பழக்கமுள்ளவர்கள், தங்களுக்காகவே ஆட்டுக்கறி சமைத்து வைத்திருக்கும் வீட்டில் என்ன செய்வது என்று பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உண்ணுங்கள் என்றே சொல்கிறேன். உங்கள் ஒறுத்தல் உங்களுக்கும் தேவனுக்கும் இடையிலானது; அதன் பாரத்தை ஒரு வயதான அம்மாவின் மீது இறக்கக் கூடாது. சபையாகச் சேர்ந்து நோன்பிருக்கும் இடத்தில் மட்டும் அவர்களுடைய ஒழுங்கை அப்படியே பின்பற்றுங்கள். ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து விஷயத்தில் வேறு விதி: ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க சபைகள் பிற சபையாருக்குப் பொதுவாகத் திருவிருந்து வழங்குவதில்லை. வரிசையில் போய் நின்று சங்கடப்படாமல் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பந்தியை விரிக்கும்போது

மூன்று மாதம் போல அவர்கள் வீடுகளில் உண்ட பிறகு, உங்கள் முறை வரும். முதலில் உங்களை அனுப்பிய அமைப்பிடமும் அந்த ஊர்ப் போதகரிடமும் கேளுங்கள். சில நாடுகளில் வீட்டில் சமயக் கூட்டம் கூடுவதற்குச் சட்டத்தடை உண்டு; உங்கள் விசா எதை அனுமதிக்கிறது என்பதும் முக்கியம். அடுத்தது, விருந்தைத் தூண்டில் ஆக்காதீர்கள். சோற்றுக்காகச் சபைக்கு வந்தவர்கள் என்ற பழிச்சொல்லை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பழியை இன்னொரு நாட்டின் ஏழைகள் மீது நாம் ஏற்றி வைக்கலாகாது. பாட்டும் ஜெபமும் இருக்கும் என்றால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். வராதவர் வீட்டுக்கும் தட்டு போகட்டும்.

யாரை அழைப்பது என்பதில், பதில் விருந்து வைக்க வசதியில்லாதவர்களை அழைக்கச் சொல்லும் லூக்கா 14 உங்களுக்குத் துணை நிற்கும். விடுதிக் காவலர், துப்புரவு செய்யும் அம்மா, ஊருக்குப் போக வழியில்லாமல் விடுமுறையில் தங்கிவிட்ட மாணவர்கள், உங்களைப்போலவே அயலாராக அங்கு வேலை செய்பவர்கள் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள்.

சமையலில் ஒரு நாட்டின் கணக்கு மற்றொன்றுக்குப் பொருந்தாது. எத்தியோப்பியரும் தாய்லாந்துக்காரரும் காரத்துக்குப் பழகியவர்கள், நம் குழம்பைக் கண்டு அஞ்சமாட்டார்கள். பிலிப்பைன்ஸில் மிளகாயைப் பாதியாகக் குறைத்து, காரத்தைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் உண்ணத்தக்க ஒரு பதார்த்தமாவது பந்தியில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்கு எலுமிச்சைச் சாதமும் நன்கு குழைந்த பருப்பும் போதும். இறைச்சி உண்ணாதவர், நோன்பிருப்பவர், வேறொருவர் அறுத்ததை உண்ணாதவர் என யாரும் பந்தியிலிருந்து வெறும் வயிற்றோடு எழமாட்டார்கள். எத்தியோப்பியாவில் இருப்பவர்களுக்குப் பொங்கல் நல்ல வாய்ப்பு. ஜனவரி 7 கிறிஸ்துமஸுக்கும் 19-ஆம் தேதி வாக்கில் வரும் திம்கத் என்னும் திருமுழுக்குப் பண்டிகைக்கும் நடுவில் அது வருகிறது. புதனும் வெள்ளியும் அவர்களுக்கு நோன்பு நாள் என்பதால், பொங்கல் அந்தக் கிழமைகளில் விழுந்தால் பாலுக்கும் நெய்க்கும் பதிலாகத் தேங்காய்ப்பாலில் செய்யுங்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள் என்று விளக்கினால் போதும், விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. தாய்லாந்தில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் மாதம் இன்னும் பொருத்தமானது. அவர்களுடைய புத்தாண்டான சொங்க்ரான் 13 முதல் 15 வரை. நம் சித்திரை முதல் நாளும் அதற்குள் வந்துவிடுகிறது. அந்நாளில் அவர்கள் பெரியவர்களின் கைகளில் நறுமண நீர் ஊற்றி ஆசி பெறுகிறார்கள். முதலில் அந்தப் பெரியவர்களிடம் ஆசி பெற்றுவிட்டு, மாலையில் உங்கள் பாயசத்தைக் கொண்டுபோங்கள்.

ஜெபத்தைச் சுருக்கமாக வையுங்கள். பசியோடிருக்கும் பிள்ளைகள் முன்னால் பத்து நிமிடம் நீளும் ஜெபம் எந்த மொழியிலும் நீளமே. அவர்கள் வீட்டில் உண்ணும்போது அவர்களே ஜெபிக்கட்டும். உங்களைக் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

குழுவுக்குள்ளும் வீட்டு நினைவுக்குள்ளும்

கேரளத்திலிருந்தும் மிசோரமிலிருந்தும் கொரியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கக்கூடும். ஒவ்வொருவருக்கும் அவரவர் பண்டிகை ஒன்றையாவது முழுமையாகக் கொண்டாடிக் கொடுங்கள். அமெரிக்கருக்கு நவம்பர் நான்காம் வியாழன், கொரியருக்குச் சூசோக் என்னும் அறுவடைப் பௌர்ணமி என்று முன்பே குறித்து வையுங்கள். சமையலும் பாத்திரம் கழுவுவதும் பெண் பிள்ளைகள் தலையில் விழுவதை முதல் வாரத்திலேயே நிறுத்த வேண்டும். வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கழுவாமல் வளர்ந்த தம்பிகளே, பண்டிகை நாளின் எண்ணெய்ச் சட்டிகள் உங்களுடையவை. முறை போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல குழுக்கள் சமையலறையில் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 25 வேலை நாளாக இருக்கும் நாட்டில், காலையில் எழுந்து குழுவாக ஒரு சங்கீதமும் இரண்டு பாமாலையும் பாடிவிட்டு வேலைக்குப் போங்கள். பண்டிகையை மாலைக்கு வையுங்கள். வீட்டுக்குப் பேசும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எத்தியோப்பியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. சென்னையில் நள்ளிரவு ஆராதனை தொடங்கும்போது அங்கே இரவு ஒன்பதரை. தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முந்தியது. ஒரு அழைப்பு, அரை மணி நேரம், எல்லாருடனும் சேர்ந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் கைப்பேசியில் சென்னைக் கீத பவனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏக்கம் தணிவதில்லை, வளர்கிறது. அழுகை வந்தால் அழுங்கள். குழுத் தலைவரிடமோ தங்கும் வீட்டு அம்மாவிடமோ சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த அழைப்பில், நீ இல்லாமல் பண்டிகையே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே என்ன சமைத்தார்கள், யார் வீட்டில் சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

புறப்படும் முன் கடைசி வாரத்தில் உங்களுக்கு உணவிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் வாருங்கள். வாங்கி வைத்திருந்த பாத்திரங்கள் ஏதேனும் இருந்தால் நிறைத்துத் திருப்பிக் கொடுங்கள். அச்சைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். உங்களோடு நின்று அச்சு முறுக்குச் சுட்ட யாராவது ஒருவர் அங்கே இருப்பார்; அவர் வீட்டுக் கோப்பையால் மாவையும் சர்க்கரையையும் அளந்து, அந்த அளவை அவர் மொழியிலேயே எழுதி, அச்சோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.